செட்டிநாட்டு வீட்டுக்கு சோலார்: பில்லைப் பார்த்த பிறகே பேனல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் சோலார் போட விசாரிப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை கிலோவாட் போடலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இரண்டு மாதத்துக்கு வீட்டில் எத்தனை யூனிட் ஓடுகிறது? தமிழ்நாட்டில் வீட்டுக் கரன்ட்டின் முதல் யூனிட்டுகள் இலவசம், அடுத்தவை மலிவு, மேலே போகப் போகத்தான் விலை ஏறுகிறது. அதனால் விலை கூடிய மேல் யூனிட்டுகளை மட்டும் வெயிலிடம் வாங்கிக்கொண்டு, அடியில் உள்ள மலிவான யூனிட்டுகளை மின்வாரியத்திடமே வாங்குவதுதான் லாபம். பில் பூஜ்யமாக வேண்டும் என்று பெரிய சிஸ்டம் போட்டால் அந்தக் கூடுதல் பணம் மொட்டைமாடியில் முடங்கிப் போகும்.

பில்லைப் படிக்கும் முறை

கடைசி ஆறு பில்களை எடுங்கள், அதாவது ஒரு முழு வருடம். சர்வீஸ் நம்பர் இருந்தால் மின்வாரியத்தின் இணையதளத்திலேயே பழைய பில்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு பில்லிலும் தொகையை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி பில்லும் மார்கழி பில்லும் ஒன்றுபோல் இருக்காது. ஆறையும் கூட்டி ஆறால் வகுத்து வரும் சராசரிதான் இனி வரும் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை.

2024 ஜூலை திருத்தத்தின்படி வீடுகள் கட்டும் விலை இது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய்ப் படி காணாமல் போய், 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1000 வரை 10.50, அப்புறம் 11.55.

500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! 700 யூனிட்டுக்கு 3,825. 1000 யூனிட்டுக்கு 6,870. கட்டணம் திருத்தப்பட்டால் புது எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை அதேதான்.

500-ஐ ஒட்டி ஓடும் வீடுகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரீடிங் எடுப்பவர் பத்து நாள் தாமதமாக வந்தால் அந்த பில் எல்லையைத் தாண்டிவிடலாம். அறுபதாம் நாள் மீட்டரை போனில் படம் எடுத்து வையுங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுக்கும்போது தேதியுள்ள அந்தப் படம் கையில் இருக்க வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வேண்டாம்

இந்தப் பகுதியில் இதைச் சொல்லாமல் போக முடியாது. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் முன்னோர்க்கான படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீடு, மற்ற நாளில் காவல்காரர் அறையில் ஒரு பல்பும் ஃபேனும் என்றால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். 2022 செப்டம்பரிலிருந்து வீட்டு இணைப்புக்கு நிலைக்கட்டணமும் கிடையாது. பில்லே வராத வீட்டில் சோலார் எதை மிச்சப்படுத்தும்? உற்பத்தியாகும் யூனிட் வாரியத்தின் கம்பிக்குப் போய்ச் சேரும், வருடக் கடைசியில் மிஞ்சியதற்குப் பெரிய விலை கிடைக்காது. பேனலில் மயில் எச்சமும் செம்மண் தூசியும் ஏறும், துடைக்கவும் ஆள் இருக்காது. யார் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் அந்த வீட்டில் பணத்தைப் போடாதீர்கள். வருடம் முழுக்க ஆள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் கீழே உள்ள எல்லாம்.

முதலில் ஓட்டையை அடைத்துவிடுங்கள்

பேனலுக்கு முன்னால் வீட்டுக்குள் வீணாவதை நிறுத்துவது மலிவு. மீட்டரைக் கொண்டே அதைக் கண்டுபிடிக்கலாம். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது முகப்பிலேயே அச்சாகியிருக்கும், பெரும்பாலும் 3200. ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மெயினை மட்டும் போட்டபடி வைத்து, ஒரு மின்னலுக்கும் அடுத்ததுக்கும் இடையே எத்தனை நொடி என்று பாருங்கள். 3200 மீட்டர் என்றால், 1125-ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 15 நொடிக்கு ஒருமுறை மின்னினால் 75 வாட் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. 75 வாட் இரவும் பகலும் போனால் இரண்டு மாதத்தில் 108 யூனிட்.

எல்லாம் அணைந்த பிறகும் மின்னினால், மரப்பட்டியில் ஓடும் பழைய வயரிங்கைச் சந்தேகியுங்கள். அறுபது, எழுபது வருடத்து ரப்பர் உறை உதிர்ந்து, மழையில் ஊறிய சுவர் வழியே கசியும். பணத்தைவிட இது உயிர் சம்பந்தப்பட்டது. கசிவு இருந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்சான 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயினில் போடச் சொல்லுங்கள். போட்டவுடன் அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள். கசிவைக் காட்டத்தான் விழுகிறது. ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துப் பார்த்து, கெட்டதை மாற்றுங்கள்.

அடுத்து ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். நாலு ஃபேனுக்கு 160. சோக் வைத்த பழைய டியூப்லைட் 50 வாட்டுக்கு மேல் இழுக்கும், எல்.இ.டி. 20 வாட்டில் அதே வெளிச்சம் தரும். ஏ.சி. வேண்டும் என்றால், உயரமான முகப்பறையிலோ பட்டாலையிலோ வைக்காமல் கதவு மூடும் சின்ன அறை ஒன்றில் வையுங்கள். பதினைந்து அடி உயர அறையைக் குளிர வைக்கும் செலவில் ஒரு பங்கு, தலைக்கு மேலே யாருக்கும் பயன்படாத காற்றுக்குப் போகிறது.

வளவின் (திறந்த நடுமுற்றத்தின்) மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியிருக்கிறீர்களா? பகலில் விளக்கும் ராத்திரியில் கூடுதல் ஃபேனும் ஓட அதுவே காரணமாக இருக்கலாம். உள்ளே சேரும் சூட்டை மேலே தூக்கி வெளியேற்றத்தான் அந்தத் திறப்பு. மழைக்கும் குரங்குக்கும் பயந்து மூடுவது புரிகிறது. ஷீட்டை எடுத்துவிட்டு இரும்புக் கம்பிவலை போட்டால் காற்று போகும், குரங்கு வராது. மழை, முன்பு போல, வளவிலேயே விழட்டும்.

எத்தனை கிலோவாட்

நம் பக்கத்து வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், மாசி, பங்குனியில் கூடும். உச்சி வெயில் கொளுத்தும் நாளில்தான் அதிகம் வரும் என்று நினைக்க வேண்டாம். பேனல் சூடாகச் சூடாக உற்பத்தி விழும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம். கோடை நடுப்பகலில் பேனல் 65 டிகிரிக்குப் போகும், அப்போது 14 சதவீதம் போய்விடும். அடியில் காற்று புக இடம் விட்டுப் பேனலை உயர்த்திக் கட்டச் சொல்வது இதனால்தான்.

இனி 700 யூனிட் வீட்டை எடுத்துக்கொள்வோம். பில் 3,825. பகலில் மிஞ்சி வாரியத்தின் கம்பிக்குப் போகும் யூனிட்டும் பில்லில் கழிவதால், 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழியும், மிச்சம் 220, பில் 329 ரூபாய். ஒரு பில்லுக்கு ஏறத்தாழ 3,500, வருடத்துக்கு 21,000 மிச்சம். சிஸ்டம் விலை 1.3 முதல் 1.5 லட்சம் என்று வைத்தால், மத்திய அரசு மானியம் 60,000 (விவரம் கீழே) போகக் கையிலிருந்து போவது 70,000 முதல் 90,000. நாலு வருடம் சொச்சத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

இதே வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டால்? பில் பூஜ்யம். ஆனால் மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது அந்த 329 ரூபாய் மட்டும்தான், வருடத்துக்கு 2,000-கூட முழுதாக இல்லை. அதற்கு மானியமும் 18,000 ரூபாய்தான். மீதியை எடுக்க இருபது வருடம் ஆகும்.

ஆகவே கணக்கு இப்படி: சராசரி யூனிட்டிலிருந்து 200-ஐக் கழியுங்கள், மிச்சத்தை 240-ஆல் வகுங்கள். 450 யூனிட் வீட்டுக்கு 1 கிலோவாட். பணம் திரும்ப ஐந்தாறு வருடம் ஆகும், பரவாயில்லை ரகம். 300 யூனிட் வீட்டின் பில்லே 705 ரூபாய்தான். அங்கே சோலாரை விடுத்து ஃபேனை மாற்றுங்கள். 1000 யூனிட் வீட்டுக்கு 3 கிலோவாட் தாராளமாகப் பொருந்தும். வீட்டுக்கு ஏ.சி. வரப்போகிறது, மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போகிறோம் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இணைப்பு யார் பெயரில்?

இங்கே விண்ணப்பங்கள் நிற்கும் முதல் இடம் இதுதான். சர்வீஸ் தாத்தா பெயரில் இருக்கும், விண்ணப்பிப்பவர் பேரன். மானியம் போய்ச் சேர வேண்டிய வங்கிக் கணக்கும் மின் இணைப்பும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். முதலில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள்: வாரிசுச் சான்று, சொத்து ஆவணம், மற்ற வாரிசுகளின் சம்மதம். பங்காளிகளுக்குப் பொதுவான வீடு என்றால் மொட்டைமாடியைப் பயன்படுத்த எல்லாப் பங்குதாரரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பேனல் 25 வருடம் நிற்கப் போகிறது. வாய்ச்சொல் அவ்வளவு நாள் நிற்காது.

அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் பில்லில் பாருங்கள். பழைய இணைப்பு பல 1 கிலோவாட்டில் இருக்கும். சோலார் அளவுக்கு அது ஏற வேண்டும்.

எங்கே பொருத்துவது

ஓட்டின் மேல் வேண்டவே வேண்டாம். வளவைச் சுற்றியுள்ள நாட்டு ஓடு ஆள் ஏறினாலே நொறுங்கும், ஒரு முறை கலைந்த அடுக்கை அதே மாதிரி வேயும் கொத்தனார்கள் இப்போது குறைவு.

மெட்ராஸ் டெரஸில் போடலாம், நிபந்தனையோடு. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட அந்தத் தளத்தில் ட்ரில் போட்டு ஆங்கர் போல்ட் இறக்கக் கூடாது. துளை வழியே தண்ணீர் இறங்கி உத்திரத்தின் முனை உளுத்துப்போகும். அது வெளியே தெரியும்போது சரிசெய்யும் கட்டம் தாண்டியிருக்கும். கான்கிரீட் பீடங்களை உத்திரத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் வரும் கோட்டின் மேல் வைத்து, இரும்புச் சட்டத்தால் எல்லாப் பீடத்தையும் ஒன்றாகப் பிணைக்க வேண்டும். பேனலின் எடை சுமார் 28 கிலோதான். பயப்பட வேண்டியது காற்றுக்கு. புயலில் ஒரு பேனலை மேலே தூக்கும் விசை நூறு கிலோவைத் தாண்டும். 2018 நவம்பரில் கஜா புதுக்கோட்டையைப் புரட்டிப் போட்டதை மறக்க முடியாது. பின்கட்டில் கான்கிரீட் தளம் போட்ட சமையல்கட்டோ கார் ஷெட்டோ இருந்தால் அதுவே முதல் தேர்வு.

540 வாட் பேனல் ஒன்று ஏறத்தாழ ஏழரை அடிக்கு மூன்றே முக்கால் அடி. 2 கிலோவாட்டுக்கு நாலு பேனல், நடக்க இடம் விட்டு 200 சதுர அடி. தெற்கு பார்த்து 10 முதல் 12 டிகிரி சாய்வு போதும். காரைக்குடி 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அதற்குக் குறைவாகச் சாய்த்தால் தூசி கீழ் விளிம்பில் தேங்கும்.

நிழலை மார்கழியில் பாருங்கள், காலை 9 முதல் மாலை 3 வரை. அப்போதுதான் சூரியன் தெற்கே அதிகம் சாய்ந்திருக்கும். சுதைச் சிற்பம் வைத்த உயரமான கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, தென்னை மூன்றும் இங்கே நிழலுக்குக் காரணம். தெற்கிலோ கிழக்கு, மேற்கிலோ உள்ள பொருள் பேனலைவிட எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் நல்லது. வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுதும் தளரும்.

விண்ணப்பமும் மானியமும்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, மொத்த உச்சவரம்பு 78,000. திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மாநிலம், மின் விநியோக நிறுவனம், நுகர்வோர் எண், கைபேசி எண் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு விண்ணப்பம். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024 விதித் திருத்தம் சொல்கிறது. அடுத்து, அதே தளத்தில் பதிவு பெற்ற விற்பனையாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம், பொருத்துதல், விவரங்களைத் தளத்தில் ஏற்றுதல், வாரியம் வந்து இருவழி மீட்டர் மாட்டிச் சோதித்தல், இயக்கச் சான்று, கடைசியில் வங்கி விவரம். மானியம் விற்பனையாளருக்குப் போகாது, உங்கள் கணக்குக்குத்தான் வரும். "மானியத்தைக் கழித்துக்கொண்டு இலவசமாகப் போடுகிறோம்" என்று போனில் வருபவர்களிடம் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

மானியத்துக்கு உள்நாட்டு செல்லால் ஆன பேனல் கட்டாயம், டி.சி.ஆர். பேனல் என்று கேளுங்கள். விலைப்பட்டியலில் அந்த வார்த்தை எழுத்தில் இருக்க வேண்டும். பேனல் மேலே ஏறுவதற்கு முன் பின்பக்க வரிசை எண்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறிய பிறகு படிக்க முடியாது. பேனல் அளவும், பேனல் கரன்ட்டை (டி.சி.) வீட்டுக் கரன்ட்டாக (ஏ.சி.) மாற்றும் சோலார் இன்வெர்ட்டரின் அளவும் வேறுபட்டால் குறைந்ததை வைத்தே மானியம் கணக்காகும். 2.16 கிலோவாட் பேனலுக்கு 2 கிலோவாட் இன்வெர்ட்டர் சரியான ஜோடி.

விலைப்பட்டியலில் பார்க்க வேண்டிய மற்றவை: இரும்புச் சட்டம் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா, 80 மைக்ரான் பூச்சா, டி.சி. கேபிள் 4 சதுர மில்லிமீட்டர் செம்பா. டி.சி., ஏ.சி. இரண்டு பக்கமும் மின்னலால் பாயும் அதிக வோல்டேஜைத் தடுக்கும் இடிக்காப்புக் கருவி உண்டா. ஐந்து வருடப் பராமரிப்பு எழுத்தில் இருக்கிறதா.

எர்த் விஷயத்தில் இறங்கிவராதீர்கள். டி.சி. பக்கம், ஏ.சி. பக்கம், இடிதாங்கி என மூன்று தனிக் குழி. செம்மண்ணும் சரளையும் காய்ந்த பூமி கரன்ட்டை எளிதில் வாங்காது. ஒரு கம்பியை இரண்டடி அடித்துவிட்டுப் போவார்கள். ஈரம் பிடிக்கும் பெண்டோனைட் களிமண் நிரப்பி, ஆழமாக இறக்கி, கருவியால் அளந்து 5 ஓமுக்குள் காட்டச் சொல்லுங்கள். சித்திரையில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கரன்ட் போனால் சோலாரும் நிற்கும்

புதிதாகப் போட்டவர்கள் திடுக்கிடுவது இதற்குத்தான். வாரியக் கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் இல்லாதபோது தானும் நின்றுவிடும். நிற்காவிட்டால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. மாதப் பராமரிப்புத் தடை நாளிலும் அப்படித்தான். அதற்காகப் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வாங்கினால் கணக்கு முழுதும் மாறிவிடும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண இன்வெர்ட்டரை அப்படியே வைத்துக்கொள்வது போதும். 150 ஆம்பியர் ஹவர், 12 வோல்ட் டியூபுலர் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தால் முக்கால் யூனிட் கைக்கு வரும், இரண்டு பி.எல்.டி.சி. ஃபேனும் இரண்டு எல்.இ.டி.யும் ஏழு மணி நேரம் ஓடும்.

இரவில் ஓடும் கரன்ட் எங்கிருந்து வருகிறது? நெய்வேலி பழுப்பு நிலக்கரி, தூத்துக்குடி அனல், கூடங்குளம் அணு, ஆரல்வாய்மொழிக் காற்று எல்லாம் கலந்துதான். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதியின் 648 மெகாவாட் சோலார் நிலையமும் பொழுது சாய்ந்தால் நிற்கத்தான் செய்யும். பகலைச் சேமித்து ராத்திரிக்குக் கொடுக்கும் பேட்டரி மலிவாகும் வரை கம்பியைத்தான் நம்ப வேண்டும். அந்த ஆராய்ச்சி நம் ஊரிலேயே, அழகப்ப செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில்) நடக்கிறது என்பது நமக்குப் பெருமை.

போட்ட பிறகு வரும் கோளாறு

நடுப்பகலில் உற்பத்தி திடீரென்று அறுந்து, அரை மணியில் தானே திரும்பினால் பெரும்பாலும் வோல்டேஜ் அதிகமாகி இன்வெர்ட்டர் விலகியிருக்கும். திரையில் கிரிட் ஓவர் வோல்டேஜ் என்று காட்டும். கம்பத்திலிருந்து வீடு வரை நீளமான மெல்லிய ஒயர் இருந்தால் இது வரும். மீட்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே தடித்த கேபிள் போடுங்கள். அப்போதும் நீடித்தால் வோல்டேஜ் குறிப்போடு பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள், டிரான்ஸ்ஃபார்மரில் சரிசெய்யலாம்.

பேனல் ஒயர்களைச் சேர்க்கும் இணைப்பான்கள் கருகுவது அடுத்தது. ஒரு கம்பெனியின் ஆண் முனையை இன்னொன்றின் பெண் முனையில் செருகினாலும், ஒயரை நெரித்துப் பிடித்திருக்கும் கிரிம்ப் தளர்ந்தாலும் சூடாகி உருகும். வருடம் ஒருமுறை கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே கழற்றாதீர்கள், வெயில் இருக்கும்வரை அதில் 200 வோல்ட் வரை நிற்கும்.

துடைப்பது பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலை ஏழு மணிக்குள். சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது. போர்வெல் தண்ணீர் உப்புப் படலம் விட்டுப் போகும், பிறகு எதற்கும் போகாது. வளவில் பிடித்த மழைத் தண்ணீர் இரண்டு குடம் இதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

முதல் பில் வரும்போது ஒரு குழப்பம் வரும். கைபேசிச் செயலி 480 யூனிட் உற்பத்தி என்று காட்டும், இருவழி மீட்டரில் வெளியே போனது 300 என்றிருக்கும். 180 யூனிட் எங்கே? அதைப் பகலில் வீடே எடுத்துக்கொண்டது, மீட்டர் வரை வரவில்லை. உள்ளே வந்த யூனிட்டிலிருந்து வெளியே போனதைக் கழித்தால் வருவதுதான் பில்லில் இருக்க வேண்டும். அந்தக் கழித்தல் பொருந்தவில்லை என்றால், மீட்டரின் இரண்டு எண்களையும் படம் எடுத்துக்கொண்டு அதே வாரம் மின்வாரிய உதவிப் பொறியாளர் (ஏ.இ.) அலுவலகத்துக்குப் போங்கள்.